திரும்பி வந்த கட்டுரை

சென்ற திங்கள் ஒரு மாலை. விடுதி உணவறையில் என் எதிரே தம்பி ஒருவர் வந்து அமர்ந்தார். ஆராய்ச்சியில் சேர்ந்து ஓராண்டு ஆனவர். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கை வைக்கவில்லை. உடம்புக்கு ஏதேனும் குறையோ என்று கேட்டேன். "கட்டுரை திரும்பி வந்துவிட்டது, அண்ணா" என்றார். ஊரிலிருந்து இழவுச் செய்தி வந்தது போலிருந்தது அவர் குரல். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வினவினேன். "முதல் பத்தி மட்டும் பார்த்தேன். மேலே படிக்கவில்லை" என்றார்.

இக்கட்டுரையை அவருக்காகவே எழுதத் தொடங்கினேன். அவரைப் போல் கடிதத்தைப் பாதியில் மூடி வைத்திருப்போர் நம் சங்கத்திலேயே நால்வர் ஐவர் இருப்பர் என்று பின்னர் தெரிந்தது. ஆதலின் அச்சுக்குக் கொடுத்தேன். இதழில் கதையும் கவிதையும் எதிர்பார்த்துப் புரட்டுவோர் இப்பக்கங்களைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு கட்டுரை செல்லும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்கு நாம் அனுப்பும் கைப்படியை முதலில் பார்ப்பவர் இதழாசிரியர். பொருள் தம் இதழின் எல்லைக்குள் அடங்குவதா, விதித்த அளவிலும் அமைப்பிலும் இருக்கிறதா, பிறர் எழுத்தை எடுத்தாண்ட அடையாளம் உண்டா என்பவற்றை அவர் நோக்குவார். பல கட்டுரைகள் இந்த வாயிற்படியிலேயே திரும்பிவிடும். படி தாண்டியவை, அத்துறையில் பழகிய இருவருக்கோ மூவருக்கோ அனுப்பப்படும். இவர்களை மதிப்பீட்டாளர் என்கிறோம். பெரும்பாலும் ஊதியம் பெறாமலே இப்பணியைச் செய்கிறவர்கள். இவர்கள் தம் கருத்தை இதழாசிரியருக்கு எழுதுவர். முடிவு செய்பவர் இதழாசிரியரே. இதை நம்மவர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வழக்கு மன்றத்தோடு ஒப்பிட்டால் மதிப்பீட்டாளர் சாட்சி சொல்கிறவர். தீர்ப்பு எழுதுகிறவர் வேறு.

முடிவு நான்கு விதமாக வரலாம். அப்படியே ஏற்றல் ஒன்று. முதல் முறையிலேயே இது வாய்த்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். சிறு திருத்தம் என்பது அடுத்தது. பெருந்திருத்தம் மூன்றாவது. மறுப்பு கடைசி. "பெருந்திருத்தம்" என்ற சொல்லைக் கண்டதும் மறுப்பு என்றே எண்ணி மனமுடைந்து போகிறவர் பலர். உண்மையில் அது, "மீண்டும் கொண்டு வாருங்கள், பார்க்கிறோம்" என்று சொல்லும் அழைப்பு. நம் தம்பிக்கு வந்திருந்ததும் அதுவே. முதல் பத்தியோடு நிறுத்திவிட்டதால் அவருக்குத் தெரியவில்லை.

நூலை அறிந்தோர் முன் வைத்து ஆராய்வது நமக்குப் புதிய வழக்கமன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அவ்வவையில் வினாத் தொடுப்பவர் முகமும் தெரியும், விடை சொல்பவர் முகமும் தெரியும். அங்கேயே கேட்டு, அங்கேயே விளக்கி, குறை இருப்பின் அங்கேயே ஒப்புக்கொள்ளலாம். இதழ்களின் முறையில் ஒருவர் திரைக்குப் பின்னே இருக்கிறார். பேச்சு முழுவதும் தாளில் நடக்கிறது. போக்குவரத்து நின்றால் பேச்சும் நின்றுவிடும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: இம்முறையின் உயிர் கட்டுரை திரும்பி வருவதில் இருக்கிறது. காரணத்தோடு திரும்பி வர வேண்டும். திருத்தத்தோடு திரும்பிப் போக வேண்டும். இரண்டில் ஒன்று அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் வாழும் இதே மும்பையிலிருந்து சென்ற ஒரு கட்டுரையே சான்று.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்பவர் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் 1811இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்க்கு ஆசிரியராகப் பம்பாய்க்கு வந்தவர். பகலில் பாடம் சொல்லிவிட்டு, எஞ்சிய நேரத்தில் வாயுக்களைப் பற்றிச் சிந்தித்தார். வாயு என்பது எண்ணற்ற நுண்துகள்கள் எல்லாத் திசைகளிலும் ஓடி மோதிக்கொண்டிருப்பதே. துகளின் எடையையும் அதன் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவதை வெப்பநிலை ஒட்டி நிற்கிறது. வெவ்வேறு வாயுக்கள் கலந்திருப்பினும் இவ்வளவு எல்லாவற்றிற்கும் ஒன்றே. இப்படி ஒரு கொள்கையைக் கணக்கிட்டு எழுதி, 1845ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் கழகத்துக்கு அனுப்பினார்.

அக்கழகத்தில் அப்போது மதிப்பீட்டு முறை வேரூன்றத் தொடங்கியிருந்தது. 1665இல் ஹென்றி ஓல்டன்பர்க் அவர்களின் இதழைத் தொடங்கியபோது எதை அச்சிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்தார். எழுத்து மூலம் கருத்துரை பெறும் வழக்கம் 1832இல்தான் வந்தது. வாட்டர்ஸ்டனின் கைப்படி இருவரிடம் சென்றது. அவர்களுள் ஒருவர் இது வெறும் பிதற்றல், கழகத்தில் படிக்கக்கூடத் தகுதியில்லை என்ற கருத்துப்பட எழுதி முடித்துக்கொண்டார். எந்தப் பக்கத்தில் பிழை, எந்தக் கணக்கில் தவறு என்ற விளக்கம் பம்பாய்க்கு வரவில்லை. இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. கழகத்துக்கு அளிக்கப்பட்ட கட்டுரை கழகத்தின் உடைமை. மறுக்கப்பட்டாலும் திருப்பித் தருவதில்லை என்பது அவர்கள் விதி. வாட்டர்ஸ்டனோ தம்மிடம் ஒரு படி வைத்துக்கொள்ளவில்லை. சுருக்கம் ஒன்று மட்டும் 1846இல் அச்சாயிற்று. யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர் 1857இல் ஸ்காட்லாந்து திரும்பினார். அதே ஆண்டு கிளாசியஸும், 1860இல் மாக்ஸ்வெல்லும் இக்கொள்கையைத் தாமே கண்டு வெளியிட்டுப் புகழ் பெற்றனர். 1883இல் வாட்டர்ஸ்டன் இறந்தார். 1891இல், கழகத்தின் செயலாளராக இருந்த ராலே பிரபு பழைய கட்டுக்களைத் தேடியபோது அக்கைப்படி கிடைத்தது. 1892இல் முன்னுரை எழுதி அச்சிட்டார். எழுதி நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், எழுதியவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்!

ராலே தம் முன்னுரையில் இளைஞர்களுக்கு ஓர் அறிவுரையும் தந்தார். பெயர் அறியப்படாத ஒருவர், பெரிய புதுக்கொள்கையோடு நுழைவதைவிட, எளிதில் மதிப்பிடக்கூடிய சிறு பணி ஒன்றைச் செய்து முதலில் தம்மை நிலைநாட்டிக்கொள்வது நலம் என்பது அதன் கருத்து. நடைமுறைக்கு உகந்த அறிவுரைதான். எனினும் எனக்கு அது முழுதும் உடன்பாடு அன்று. தவறு செய்தது கழகம். அறிவுரை மட்டும் ஏமாந்தவனுக்கு! அக்கட்டுரையில் ஒரு விகிதத்தைக் காணும் இடத்தில் எண் சறுக்கல் ஒன்று இருந்தது உண்மை. கருத்தூன்றிப் படித்த மதிப்பீட்டாளர் அதை எடுத்துக் காட்டிக் கட்டுரையைத் திருப்பியிருந்தால், வாட்டர்ஸ்டன் ஒரு வாரத்தில் திருத்தியிருப்பார்.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே 1911இல் நடந்தது. சீனிவாச ராமானுஜன் அப்போது சென்னையில் நிலையான வேலையின்றி இருந்தார். பெர்னூலி எண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அனுப்பினார். அவ்விதழின் ஆசிரியர், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த எம். டி. நாராயண ஐயங்கார். ராமானுஜனின் எழுத்து அவருக்குப் பெருந்தலைவலியாயிற்று. படிகளைத் தாவித் தாவிச் செல்லும் நடை, சாதாரணப் படிப்பாளி பின்தொடர இயலாத சுருக்கம், தெளிவுக் குறைவு. இவற்றையெல்லாம் அவர் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் பிதற்றல் என்று தள்ளவில்லை. கைப்படி சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பலமுறை போய்வந்தது. ஒவ்வொரு முறையும், இது விளங்கவில்லை, இதற்கு நிறுவல் எங்கே என்ற கேள்விகள்; ஒவ்வொரு முறையும் திருத்தங்கள். இறுதியில் அவ்வாண்டே அச்சாயிற்று. அதுவே ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை.

அச்சான கட்டுரையில் எட்டுத் தேற்றங்கள் உள்ளன. மூன்றுக்கு நிறுவல் காட்டியிருக்கிறார். இரண்டு மற்றவற்றின் கிளைகளாக வருவன. மூன்றை வெறும் ஊகம் என்றே சொல்லிவிடுகிறார். இந்தப் பாகுபாடு எனக்கு மிகப் பிடித்தது. அறிந்தது எது, கருதுவது எது என்று வேலி கட்டிக் காட்டிவிட்டால் மதிப்பீட்டாளருக்குப் பாதிச் சண்டை குறைந்துவிடும். நம் மாணவர் கட்டுரைகளில் காணும் பெருங்குறை, இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிடுவதே.

இத்தனைக்குப் பிறகும் அக்கட்டுரையில் ஒரு பிழை தங்கிவிட்டது. பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் மேலே நிற்கும் தொகுதி எண் பகா எண்ணாகவே இருக்கும் என்று ஒரு கூற்று அதில் வருகிறது. வரிசையில் 20ஆவது எண்ணை எடுத்துக்கொண்டால் தொகுதி 174611. அது 283ஐ 617ஆல் பெருக்கினால் வருவது. ஆகவே கூற்று தவறு. நாராயண ஐயங்காரின் கண்ணுக்கும் அது தப்பியது. மதிப்பீடு என்பது சல்லடை. எல்லாக் கல்லும் சிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அச்சில் வந்துவிட்டது, ஆதலின் மெய் என்று வாதிடும் நண்பர்கள் இந்த 174611ஐ நினைவில் கொள்வார்களாக.

பெரியவர்களுக்கும் கட்டுரை திரும்பியதுண்டு. ஐன்ஸ்டைன் 1936இல் ரோசன் என்பவரோடு சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இருக்க இயலாது என்னும் முடிவோடு ஒரு கட்டுரையை அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார். குறைகளைக் காட்டும் நீண்ட கருத்துரை வந்தது. ஐன்ஸ்டைனுக்குக் கடுஞ்சினம். அச்சிடத் தந்த கட்டுரையை அச்சாகுமுன் வேறொருவரிடம் காட்ட உமக்கு யார் இசைவு தந்தது என்னும் பொருள்பட எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜெர்மனியில் அவர் பழகிய இதழ்களில் ஆசிரியரே பார்த்து அச்சிடுவது வழக்கம்; அதனால் இது அவருக்கு அவமதிப்பாகத் தோன்றியது. அதன்பின் அவ்விதழுக்கு அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் தரவில்லை.

ஆனால் அந்த மதிப்பீட்டாளர் சொன்னது சரி. அவர் பிரின்ஸ்டனில் இருந்த ராபர்ட்சன் என்னும் அறிஞர். இது இதழின் பழைய பதிவேட்டிலிருந்து 2005இல்தான் உலகுக்குத் தெரிந்தது. ராபர்ட்சன் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டோடு நட்பாகப் பேசி, பிழை எங்கே என்று விளக்கினார். தாமே அந்த மதிப்பீட்டாளர் என்று மூச்சு விடவில்லை. ஐன்ஸ்டைன் முடிவை மாற்றிக்கொண்டார். 1937இல் பிராங்க்ளின் நிறுவன இதழில், அலைகள் உண்டு என்னும் முடிவோடு கட்டுரை வந்தது. அவ்வலைகளைக் கருவிகள் 2015இல் உணர்ந்தன. 2016இல் செய்தி வெளியாயிற்று. கடிதத்தைப் படித்துச் சினங்கொள்ள உரிமையுண்டு. ஆனால் அந்தச் சினத்தோடு பதில் எழுத உட்காரக்கூடாது. ஐன்ஸ்டைனுக்கு இன்ஃபெல்டும் ராபர்ட்சனும் பக்கத்திலேயே இருந்தார்கள். நமக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இனி என் கதை. வாட்டர்ஸ்டனையும் ராமானுஜனையும் சொல்லிவிட்டு என்னைச் சொல்வது சற்றுத் துணிச்சல்தான். ஆயினும் பெரியோர் கதை கேட்பதற்கு இனிக்குமே தவிர, இராத்திரி பத்து மணிக்கு மேசைமேல் கடிதம் கிடக்கும்போது கைகொடுக்காது.

நான் வேதியியல் மாணவன். தாணே கழியின் நீரில் கரைந்துள்ள ஈயத்தின் அளவு பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகிறது என்பது என் முதல் கட்டுரை. மழைக்காலம் முடிந்தபின் ஈயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று முடிவு கூறியிருந்தேன். மூன்று திங்களுக்குப் பின் பதில் வந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் பதினொரு கேள்விகள் கேட்டிருந்தார். முதல் ஐந்தைப் படித்ததும், இவர் என் கட்டுரையைக் கொல்வதற்கென்றே உட்கார்ந்தவர் என்று முடிவு கட்டினேன். கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஐந்து வாரம் திறக்கவில்லை.

பின்பு என் பேராசிரியர் கேட்டு, அவர் முன்னிலையில் முழுவதும் படித்தேன். ஏழாவது கேள்வி ஒரே வரி: நீரை எடுத்து எத்தனை மணி நேரத்தில் அமிலம் சேர்த்தீர்கள்? அயலார்க்கு இது சிறு கேள்வியாகத் தோன்றும். நீரில் கரைந்துள்ள உலோகம், வைத்திருக்கும் புட்டியின் சுவரில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கவே வடிகட்டிய நீரில் நைட்ரிக் அமிலம் சிறிது சேர்த்து, அதன் பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டு வருவார்கள். காலந்தாழ்த்தினால் நீரில் ஈயம் குறைவாகக் காட்டும். என் குறிப்பேட்டைப் பார்த்தேன். மழைக்குப் பிந்திய புட்டிகளை எடுத்த மறுநாள் நான் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அமிலம் சேர்த்தது திரும்பி வந்தபின். பன்னிரண்டு நாள்.

அன்றிரவு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். "எடுத்தவுடன் சேர்க்கப்பட்டது" என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் கட்டுரை அச்சேறிவிடும். புட்டிகள் கழுவியாயிற்று. எனையன்றி யாருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னே இருப்பவர் மும்பைக்கு வந்து என் குறிப்பேட்டைப் புரட்டப் போவதில்லை. அந்த இரண்டு சொல்லை எழுதியும் பார்த்தேன். காலையில் பேராசிரியரிடம் தாளையும் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். அவர் இரண்டையும் பார்த்தார். "அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஓராண்டு போயிற்று. என்னோடு சேர்ந்தவர்கள் இருவர் அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புதிய நீரில் மழைக்குப் பின் ஈயம் குறையத்தான் செய்தது. ஆனால் நான் முன்பு சொன்ன குறைவில் பாதிகூட இல்லை. எஞ்சியதைப் புட்டியின் சுவர் விழுங்கியிருக்கிறது. திருத்திய கட்டுரை, சற்றே அடக்கமான முடிவோடு, ஏற்கப்பட்டது. அந்தப் பதினொரு கேள்வி கேட்டவர் யார் என்று இன்றளவும் தெரியாது.

பதில் எழுதும் முறை பற்றி இரண்டொரு சொல். கடிதத்தை முழுதும் படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். இரண்டு நாள், என்னைப் போல் ஐந்து வாரம் அன்று. பின் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே எழுதி, அதனடியில் விடையும், கைப்படியில் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினீர்கள் என்ற குறிப்பும் எழுதுங்கள். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், பணிவாகச் சொல்லலாம். எல்லாவற்றிற்கும் தலையாட்டத் தேவையில்லை. ஆனால் அறிந்த ஒருவரே தவறாகப் புரிந்துகொண்டார் என்றால், நம் வாக்கியத்திலும் ஒரு கோணல் இருக்கக்கூடும். அதையும் நிமிர்த்திவிடுவது நல்லது. ஒரு கட்டுரையை ஒரே சமயத்தில் இரு இதழ்களுக்கு அனுப்பலாகாது. உழைத்தவர் பெயரை விடுவதும், உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பதும் ஒரே தரத்துக் குற்றம். படி ஒன்றும் மூலக் குறிப்புகளும் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதை வாட்டர்ஸ்டனே சொல்லிவிட்டார்.

திரை எதற்கு என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பல இதழ்களில் மதிப்பீட்டாளருக்குக் கட்டுரையாளர் பெயர் தெரியும். கட்டுரையாளருக்கு அவர் பெயர் தெரியாது. இளையவர் ஒருவர் மூத்தவரின் கட்டுரையை அஞ்சாமல் குறை சொல்ல இது உதவும். இதில் தீங்கும் உண்டு. 1982இல் பீட்டர்ஸ், செசி என்னும் இருவர் ஒரு சோதனை செய்து வெளியிட்டனர். புகழ்பெற்ற நிறுவனங்களைச் சேர்ந்தோர் எழுதி ஏற்கெனவே அச்சான 12 உளவியல் கட்டுரைகளை, கற்பனைப் பெயர்களோடும் கேள்விப்படாத நிறுவனப் பெயர்களோடும் அதே இதழ்களுக்கே மீண்டும் அனுப்பினர். மூன்றுதான் பழையவை என்று கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய 9இல் 8 மறுக்கப்பட்டன! அச்சோதனை முறையைக் குறை கூறியோரும் உண்டு. ஆயினும் சிறு கல்லூரிகளின் முகவரியோடு எழுதும் நம்மவர்க்கு அந்த எட்டு என்னும் எண் உறுத்தாமல் இராது. இருவர் பெயரையும் மறைக்கும் வழக்கம் சில துறைகளில் பரவியிருப்பதற்கு இத்தகைய ஐயங்களே காரணம். இருவர் பெயரையும் வெளிப்படையாக்கும் இதழ்களும் இன்று உள்ளன.

ஒரு நாள் நீங்களும் திரைக்குப் பின்னே அமர்வீர்கள். அங்கே அமர்ந்தவுடன் நான் செய்த தவற்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் பெற்ற மறு ஆண்டு, ஓர் இதழிலிருந்து ஒரு கட்டுரை என்னிடம் வந்தது. எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. மூன்று வாரத்தில் கருத்துரை தருவதாக ஒப்புக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. பின்பு வேலைகள் குவிந்தன. நான்கு திங்கள் அது அப்படியே கிடந்தது. இரண்டாவது நினைவூட்டல் வந்த அன்று, பாதி படித்து, "புதிதாக எதுவும் இல்லை, ஏற்க இயலாது" என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். புதிதாக இல்லை என்றால், முன்பு யார் செய்தது என்று காட்ட வேண்டாமா? காட்டவில்லை. இதழாசிரியர் என்னைக் காரணம் கேட்டு எழுதினார். நான் விடை எழுதுவதற்குள் இன்னொரு கடிதம் வந்தது: கட்டுரையாளர் காத்திருக்க இயலாமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அப்போது 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதி நடப்பில் இருந்தது. மதிப்பீட்டு முறையுள்ள இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டால்தான் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கலாம் என்பது அவ்விதி. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகள் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனால் நான் காலந்தாழ்த்தியது அதற்கு முன். அவர் யாரோ, உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்த மாணவரோ, எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இப்போது கட்டுரை வந்தால் அன்றே தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, முடியுமா முடியாதா என்று மறுநாளே எழுதிவிடுகிறேன். முடியாது என்பது குற்றமன்று. ஒப்புக்கொண்டால், கட்டுரை சொல்வது என்ன என்பதை முதலில் என் சொற்களில் நான்கைந்து வரி எழுதுகிறேன். அதை எழுத முடியாவிட்டால் நான் இன்னும் படிக்கவில்லை என்று பொருள். பெருங்குறைகளை முன்னும், எழுத்துப் பிழை போன்றவற்றைப் பின்னும் வைக்கிறேன். எழுதியவர் நண்பரோ போட்டியாளரோ என்று ஐயம் எழுந்தால் இதழாசிரியருக்கு உடனே தெரிவித்துவிடுகிறேன். கைப்படியை வேறொருவரிடம் காட்டுவதில்லை. இந்நாளில் கேள்விக்கு விடையெழுதும் கணினிக் கருவிகளில் அதை ஏற்றிக் கருத்துரை வாங்குவோர் உண்டு என்று கேள்வி. பல பதிப்பகங்கள் அதைத் தடுத்திருக்கின்றன. பிறர் நம்மை நம்பித் தந்த பொருள் அது.

பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போஹானன் என்னும் பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழை மலிந்த ஒரு கட்டுரையைப் புனைந்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! 2013இல் 'சயன்ஸ்' இதழில் இச்செய்தி வந்தது. ஏற்றவற்றுள் நம் நாட்டு இதழ்கள் மிகுதி என்பது நமக்குத் தலைகுனிவு. நல்லிதழ்களுக்கென மானியக் குழு வைத்திருந்த பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. ஆசிரியர் குழுவில் இருப்போர் மெய்யாகவே அத்துறையினரா, பழைய இதழ்களில் வந்த கட்டுரைகள் தரமுள்ளவையா என்று பாருங்கள். மூன்று நாளில் ஏற்கிறோம் என்று கடிதம் எழுதும் இதழ், உங்கள் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. அங்கே எதுவும் திரும்பி வராது, பணமும் வராது.

உணவறையில் எழுந்த பேச்சு அன்றிரவு என் அறையில் தொடர்ந்தது. தம்பி கடிதத்தை எடுத்து வந்தார். உரக்கப் படிக்கச் சொன்னேன். மொத்தம் ஒன்பது கேள்விகள். நான்குக்கு அவர் அங்கேயே வாய்மொழியாக விடை சொன்னார். கைப்படியில் எழுத மறந்திருந்தார், அவ்வளவே. இரண்டு, மதிப்பீட்டாளர் படத்தைத் தவறாகப் பார்த்ததால் வந்தவை. படத்தின் கீழே அலகு குறிக்கப்படவில்லை. இரண்டுக்குப் புதிதாக அளக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வியில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இது அவர் சொல்வது சரிதான், அண்ணா" என்றார். மணி ஒன்றரை ஆகியிருந்தது. திருத்திய படிக்குத் தந்திருக்கும் தவணை அறுபது நாள். அதில் பதினெட்டு ஏற்கெனவே போய்விட்டன.